அடி இரண்டு

படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்.
அதற்குள் 3.61 என்று எழுதியிருந்தேன்.
துறைநீலாவணை, வேலாப்போடி வளவு,
பொதுக்கிணறு, ஆழம் பதினாலு அடி.
கிருமி எண்ணிக்கை மடக்கையில். அடி பத்து.

சேர் எட்டிப் பார்த்தார்.
"மூன்றுக்கு மேலா? மூடச் சொல்லு."
மூடுவதற்கு ஒரு வரி போதும்.
ஏழு வீட்டுக் குடங்கள் அந்த வரியில் இல்லை.

பேனை மூடியைக் கடித்தபடி இருந்தேன்.
மின்வெட்டுப் பட்டியலில் எங்கள் எழுத்துக்கு
ஒன்றரை மணித்தியாலம் இருட்டு.
வாவிப் பக்க ஜன்னலில் வைத்தால்
கல்குலேட்டர் வெயில் குடித்துக்கொண்டு
கணக்குப் பார்க்கும்.

கிருமிக்குப் பத்து தெரியாது.
பத்து எங்கள் விரல்.
கிருமி ஒன்றாய்க் கிடந்து, இடுப்பில் ஒடுங்கி,
இரண்டாகும்.
இரண்டு நாலாகும்.
அவ்வளவுதான் அது படித்த எண்கணிதம்.
அதனிடம் ஏதும் கேட்பதென்றால்
அதன் அடிக்கு இறங்கித்தான் கேட்க வேண்டும்.

இரண்டுக்குப் பொத்தான் இல்லை.
இருந்த ஒரே மடக்கைப் பொத்தான்
பத்துக்கு நேர்ந்துவிட்டது.
ஆகையால் இரண்டைப் பற்றியும் பத்திடமே விசாரித்தேன்:
0.3010.
உயர்தரத்தில் பாடமாக்கிய எண்.
சோதனை முடிந்தபின் ஒருநாளும் உதவாமல்
பழைய சட்டைப் பைக்குள் கிடந்த ஐந்து ரூபாய்.

3.61 மேலே.
0.3010 கீழே.
மேலிருப்பது கிணறு,
கீழிருப்பது இடம் மாறி நின்று பார்ப்பதற்கான கூலி.
வகுத்தேன்.

11.99.
பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம்.

பன்னிரண்டு தரம் இரட்டித்திருக்கிறது.
தரத்துக்கு இருபது நிமிசம். இது புத்தகத்து வேகம்,
நல்ல சூடும் நல்ல தீனியும் இருந்தால்.
கிணற்றுத் தண்ணீரில் அத்தனை தீனி ஏது?
ஆனாலும் போட்டுப் பார்த்தேன்.
நாலு மணித்தியாலம்.

கிணற்றுக்கு நாலு மணித்தியாலக் கணக்குக் கிடையாது,
அது எந்நேரமும் அங்கேதான் கிடக்கிறது.
போத்தலுக்குத்தான் அப்படியொரு கணக்கு.
போத்தல் சிட்டையில், எடுத்த நேரம் ஆறு நாற்பது.
வரவுப் புத்தகத்தில் பத்து ஐம்பது.

மேகராசாவைக் கூப்பிட்டேன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்றான்.
"நேற்று எங்க சுணங்கின?"
"களுவாஞ்சிக்குடி செட்டில அக்கா, பெற்றோல் கியூ.
விட்டுட்டு வந்திருந்தா
இண்டைக்கு வேலைக்கு வர ஏலா."
"ஐஸ்?"
"ஐஸ் கொம்பனியும் கரண்டிலதானே ஓடுது."

பெட்டியில் வெயில் படக்கூடாதென்று
மடியில் வைத்துக் குனிந்திருந்தானாம்,
அத்தனை நேரமும், தன் நிழலைக் கொடுத்து.
உடம்புச் சூடு கிருமிக்கு இன்னும் வாசி.
அதை நான் சொல்லவில்லை.

பத்தின் அடியில் அது கிணற்றின் குற்றம்.
இரண்டின் அடியில் அது ஒரு வரிசை.
எண் அதே எண்தான், நாலாயிரத்துச் சொச்சம்.
நான் எதையும் கூட்டவில்லை, எதையும் கழிக்கவில்லை.

ஆனால் பன்னிரண்டு படியும் திரும்பி இறங்கினால்
அடியில் ஒன்று மிஞ்சுகிறது.
ஒன்றின் மடக்கை எந்த அடியிலும் பூச்சியம்.
ஒன்று பூச்சியமல்ல.
பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர்.

ஆகவே குளோரின் என்று எழுதினேன்,
மீள்மாதிரி என்று எழுதினேன்,
மூடு என்று எழுதவில்லை.
ஓரத்தில் பென்சிலால் 11.99.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சேர் கையெழுத்து வைத்தார்,
பென்சிலைப் பார்த்தாரோ தெரியாது.

"நாளைக்கு விடியக் காலமே திரும்ப எடுக்கவேணும்,
எங்கயும் நில்லாம வரவேணும்" என்றேன்.
மேகராசா தலையாட்டினான்,
ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடியது.
"சரி, நேற்று எத்தனை லீற்றர் அடிச்ச?"

"ரெண்டுதான் அக்கா.
அதுக்கு மேல குடுக்கல்ல."